வலையமைப்பை எழுதும் உரிமை பொதுவில் இருக்கட்டும்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், ரோனோக் நகருக்கு அருகே ஃபாலிங் க்ரீக் என்றொரு சிறிய நீர்த்தேக்கம் இருக்கிறது. சுற்றுவட்டாரத்துக்குக் குடிநீர் தரும் நீர்த்தேக்கம் அது. கோடையில் அதன் மேல்நீர் சூடாகவும் அடிநீர் குளிர்ந்தும் இரண்டு அடுக்குகளாகப் பிரிந்து நிற்கும். அடிநீரில் ஆக்சிஜன் குறையக் குறைய, வண்டலில் தங்கியிருக்கும் இரும்பும் மாங்கனீசும் கரைந்து நீரில் கலக்கும். இலையுதிர் காலத்தில் மேல்நீர் குளிர்ந்ததும் இரண்டு அடுக்கும் புரண்டு ஒன்றாகும். அந்தப் புரளல் எப்போது நடக்கும் என்று சில நாட்கள் முன்பே தெரிந்துவிட்டால், எந்த ஆழத்திலிருந்து நீரை எடுப்பது, சுத்திகரிப்பை எப்படி மாற்றுவது என்றெல்லாம் நீர் வாரியம் முன்கூட்டியே முடிவெடுக்கலாம்.

இதற்காக வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் நன்னீர்ச் சூழலியலாளர் கெய்லன் கேரி, சூழலியல் ஆய்வாளர் குவின் தாமஸ், ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தின் கணினிப் பொறியாளர் ரெனாட்டோ ஃபிகெய்ரெடோ ஆகியோரின் குழுக்கள் சேர்ந்து ‘ஃப்ளேர்’ என்ற முன்கணிப்பு அமைப்பை உருவாக்கின. நீரின் பல ஆழங்களில் தொங்கும் உணரிகள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையை அளக்கின்றன. அந்த அளவீடுகளும் அமெரிக்க வானிலை அமைப்பின் முன்கணிப்புகளும் ஒரு கணினி மாதிரிக்குள் போகின்றன. அடுத்த 16 நாட்களுக்கு நீரின் வெப்பநிலை எப்படி இருக்கும் என்று அது சொல்கிறது. அந்தக் கணிப்பு எவ்வளவு தூரம் பிசகலாம் என்பதையும் சேர்த்தே சொல்கிறது.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால், இந்த அமைப்பின் உறுப்புகள் ஓரிடத்தில் இல்லை. உணரியோடு இணைந்த சிறு கணினி நீர்த்தேக்கக் கரையில் இருக்கிறது. செல்பேசி மோடம் வழியாக இணையத்தைத் தொடுகிறது. ஆய்வாளர்களின் கணினிகள் பல்கலைக்கழகங்களின் ஃபயர்வால் எனும் தடுப்புச் சுவர்களுக்குப் பின்னால் இருக்கின்றன. கணக்கீடு எங்கோ ஒரு தரவு மையத்தில் நடக்கிறது. மூன்றும் ஒரே அறையில் ஒரே கம்பியில் கோத்தவை போல ஒன்றோடொன்று பேசியாக வேண்டும். இன்றைய இணையம் அப்படிப் பேச விடுவதில்லை.

இந்தச் சிக்கலுக்கு விடையாக வந்ததுதான் நிரலால் ஆளப்படும் மெய்நிகர் வலையமைப்பு. இருக்கும் இணையத்தின் மேல், மென்பொருளால் மட்டுமே ஆன இன்னொரு வலையமைப்பைக் கட்டி, அதன் ஒவ்வொரு வளைவையும் விதியையும் நிரலாக எழுதிக்கொள்வது. கடந்த கால் நூற்றாண்டில் கணினித் துறை கண்ட மிகப் பெரிய மாற்றங்களில் இது ஒன்று. பல்கலைக்கழகக் கூடங்களில், பொதுப் பணத்தில், எல்லோருக்குமாகப் பிறந்த இந்த ஆற்றல் இன்று பெருமளவில் சில பெருநிறுவனங்களின் தரவு மையங்களுக்குள் குடியேறிவிட்டது. அதை மீண்டும் பொதுவுக்குக் கொண்டுவர வேண்டும். இந்தியா அதைச் செய்யக்கூடிய நிலையில் இருக்கிறது.

அழைத்தால் எடுக்க முடியாத கணினிகள்

ஒரு கணினி இன்னொரு கணினியை நேரடியாக அழைக்க முடியாமல் போனது எப்படி? இணையத்தின் பழைய முகவரி முறை 32 இலக்கங்கள் கொண்ட இரும எண். அதில் ஏறத்தாழ 430 கோடி முகவரிகளே கிடைக்கும். 2011 பிப்ரவரியில் உலகப் பொதுக் கையிருப்பு தீர்ந்துபோனது. அதற்கு வெகு முன்பிருந்தே, ஒரு பொது முகவரிக்குப் பின்னால் பல கணினிகளை ஒளித்து வைக்கும் முகவரி மாற்று முறை நடைமுறைக்கு வந்துவிட்டது. வீட்டு வைஃபை பெட்டி செய்வது இதைத்தான். செல்பேசி நிறுவனங்கள் இதையே பெரிய அளவில் செய்கின்றன.

இந்த ஏற்பாட்டில் உள்ளிருந்து வெளியே அழைக்கலாம். வெளியிலிருந்து உள்ளே அழைக்க முடியாது. திரைப்படம் பார்ப்பவருக்கும் செய்தி படிப்பவருக்கும் இதனால் இடைஞ்சல் இல்லை. அவர்கள் எப்போதும் பெரிய சர்வரைத் தேடிப் போகிறவர்கள். ஏரிக்கரைக் கணினி, மருத்துவமனைக் கருவி, காற்றாலைக் கட்டுப்பாட்டுப் பெட்டி போன்றவை ஒன்றையொன்று அழைக்க வேண்டியவை. அவற்றுக்கு இது பூட்டிய கதவு. அதைத் திறக்க நிலையான பொது முகவரிக்குப் பணம் கட்ட வேண்டும். அல்லது ஒவ்வொரு நிறுவனத்தின் கணினிப் பிரிவிடமும் தடுப்புச் சுவரில் ஒரு துளை கேட்டுக் காத்திருக்க வேண்டும். புதிய 128 இலக்க முகவரி முறை பற்றாக்குறையைத் தீர்க்கும். தடுப்புச் சுவர்கள் அப்போதும் நிற்கும்.

மெய்நிகர் வலையமைப்பு இந்தக் கதவைச் சுற்றிக்கொண்டு போகிறது. ஒவ்வொரு கணினியிலும் மென்பொருளால் ஆன ஒரு வலையட்டை உருவாகிறது. பயன்பாட்டு மென்பொருள் அதை உண்மையான வலையட்டை என்றே நம்புகிறது. அதற்குள் போடப்படும் தரவுப் பொட்டலம், ஒரு கடித உறையை இன்னொரு உறைக்குள் வைத்து ஒட்டுவதைப் போல, மறைகுறியாக்கப்பட்டு வேறொரு பொட்டலத்துக்குள் அடைக்கப்படுகிறது. வெளி உறையில் இணையம் அறிந்த முகவரி. உள் உறையில் அந்தக் குழு மட்டும் அறிந்த முகவரி. மறுமுனையில் வெளி உறை பிரிக்கப்பட்டு உள்ளிருப்பது ஒப்படைக்கப்படுகிறது.

இரண்டு பக்கமும் முகவரி மாற்றுப் பெட்டிகள் இருந்தால்? பொதுவில் இருக்கும் ஒரு சர்வர் இரு கணினிகளுக்கும் அவை வெளியே எப்படித் தெரிகின்றன என்பதைச் சொல்கிறது. இரண்டும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் ஒன்றையொன்று அழைக்கின்றன. ஒவ்வொரு பெட்டியும் தன் உள்கணினி தொடங்கிய உரையாடல்தான் இது என்று எண்ணி வழிவிடுகிறது. அதன்பின் இடையில் யாரும் தேவையில்லை. இந்த உத்தி பலிக்காத இடங்களில் மட்டும் நடுவில் ஒரு கணினி நின்று இரு பக்கமும் பொட்டலங்களைக் கடத்திவிடுகிறது. ஃபிகெய்ரெடோவின் குழு 2000-களின் நடுவிலிருந்தே ‘ஐபாப்’ என்ற பெயரில் இதை வளர்த்தது. பின்னர் அது ‘எட்ஜ் விபிஎன்’ ஆகி, ஃப்ளேர் அமைப்பின் முதுகெலும்பானது.

கம்பிகளை மட்டும் மெய்நிகராக்கினால் பாதி வேலைதான் முடிகிறது. ஒவ்வொரு கணினிக்குள்ளும் மென்பொருள் சுவிட்ச் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. எந்தப் பொட்டலம் எந்தச் சுரங்கப் பாதையில் போக வேண்டும், எது நிறுத்தப்பட வேண்டும், எதற்கு முன்னுரிமை என்பதைக் கட்டுப்பாட்டு மென்பொருள் அந்தச் சுவிட்சுக்குச் சொல்கிறது. புதிதாக ஒரு கணினி சேர்ந்தாலும், ஒரு மோடம் செத்தாலும், வலையமைப்பின் வடிவம் தானே மாறிக்கொள்கிறது. முன்பு பொறியாளர் ஒருவர் ஒவ்வொரு பெட்டியாக நுழைந்து கட்டளை தட்டிய இடத்தில் இப்போது ஒரு நிரல் நிற்கிறது. பல இடங்களில் சிதறிக்கிடக்கும் ஒரு பயன்பாடு, தனக்கு வேண்டிய வலையமைப்பைத் தானே கேட்டு வாங்கிக்கொள்ள வழி பிறந்தது இப்படித்தான்.

பன்னிரண்டு கணினிகள் காட்டிய வழி

இந்த எண்ணத்தின் வலிமையை முதலில் எண்களோடு நிரூபித்த ஆய்வுகளில் ஒன்று 2001-இல் எம்ஐடியிலிருந்து வந்தது. டேவிட் ஆண்டர்சன், ஹரி பாலகிருஷ்ணன், ஃபிரான்ஸ் காஷுக், ராபர்ட் மோரிஸ் ஆகிய நால்வரின் பணி அது. பாலகிருஷ்ணன் சென்னை ஐஐடியில் 1993-இல் பட்டம் பெற்றவர். தகவல் தொடர்புத் துறையின் உயர்ந்த விருதுகளில் ஒன்றான மார்க்கோனி பரிசு 2023-இல் அவருக்கு வழங்கப்பட்டது.

அவர்கள் இணையத்தில் சிதறிக்கிடந்த 12 கணினிகளை ஒரு மேலடுக்கு வலையமைப்பாகக் கோத்தார்கள். ஒவ்வொன்றும் மற்ற 11 கணினிகளுக்கான பாதையைத் தொடர்ந்து தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. 2001 மார்ச்சில் 64 மணி நேரம் அளந்தபோது, 132 பாதைகளில் அரை மணி நேரத்துக்கும் மேல் நீடித்த தடைகள் 32 முறை நேர்ந்தன. அந்த 32-ஐயும் மேலடுக்கு கண்டுபிடித்துச் சுற்றுப்பாதையில் சென்றது. அதற்கு அது எடுத்துக்கொண்ட நேரம் சராசரியாக 20 விநாடிக்கும் குறைவு. கீழே இருந்த இணையத்தின் வழிகாட்டு முறைக்கு இப்படி மீண்டெழப் பல நிமிடங்கள் பிடிக்கும். ஒரு கம்பியைக்கூடத் தொடாமல், ஒரு தொலைபேசி நிறுவனத்திடமும் அனுமதி கேட்காமல், பன்னிரண்டே கணினிகளால் இணையத்தை விட நம்பகமான இணையத்தைக் கட்ட முடிந்தது.

பன்னிரண்டு ஆயிரமானால்? பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் லாரி பீட்டர்சனும் பெர்க்லியின் டேவிட் கல்லரும் 2002-இல் கூட்டிய கூட்டத்திலிருந்து ‘பிளானெட் லேப்’ பிறந்தது. இன்டெல் நிறுவனம் முதல் நூறு கணினிகளைத் தந்தது. அதன்பின் சேர விரும்பிய ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஒன்றிரண்டு கணினிகளைத் தன் வளாகத்தில் வைத்தது. பதிலுக்கு உலகம் முழுவதிலுமுள்ள எல்லாக் கணினிகளிலும் ஒரு சிறு பங்கைப் பெற்றது. அந்தப் பங்குக்கு அவர்கள் வைத்த பெயர் ‘துண்டு’. ஒரே கணினியில் ஐம்பது ஆய்வுகள், ஒன்றின் காலில் ஒன்று இடறாமல், ஒவ்வொன்றும் தன் துண்டுக்குள் ஓடின. உச்சத்தில் 700-க்கும் மேற்பட்ட இடங்களில் 1,300-க்கும் மேற்பட்ட கணினிகள் அதில் இருந்தன.

அங்கே நடந்தவை ஆய்வுக் கட்டுரையோடு முடியவில்லை. 2004 மார்ச்சில் நியூயார்க் பல்கலைக்கழக மாணவர் மைக்கேல் ஃப்ரீட்மன், தன் சகாக்களோடு ‘கோரல்’ என்ற விநியோக வலையமைப்பை பிளானெட் லேபின் மேல் ஓட்டத் தொடங்கினார். சிறிய சர்வரில் இருக்கும் ஒரு பக்கத்தை உலகமே பார்க்க முண்டியடித்தாலும் அது நொறுங்காமல் இருக்க, முகவரியோடு ஒரு சிறு ஒட்டைச் சேர்த்தால் போதும். உலகெங்கும் உள்ள கணினிகள் அந்தப் பக்கத்தின் நகலை வைத்துப் பரிமாறும். அதே ஆண்டு டிசம்பர் 26-இல் அச்சேயிலிருந்து நாகப்பட்டினம் வரை கடற்கரைகளைச் சுனாமி வாரிச் சுருட்டியது. சாதாரண மனிதர்கள் எடுத்த காட்சிகளை உலகுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த வழிகளில் கோரலும் ஒன்று. பெரிய நிறுவனத்தின் விநியோக சேவைக்குப் பணம் கட்ட வழியில்லாதவர்களின் பதிவுகள் அவை. சில ஆண்டுகளில் நாளொன்றுக்குப் பல பத்து லட்சம் முகவரிகளிலிருந்து வந்த கோரிக்கைகளுக்குக் கோரல் பதில் தந்தது. மாணவர் ஒருவருக்கு உலகளாவிய வலையமைப்பில் எழுதிப் பார்க்க இடம் கிடைத்ததன் பலன் இது.

பிளானெட் லேபில் தொல்லைகளும் இருந்தன. இணையத்தை அளக்க ஓர் ஆய்வாளர் அனுப்பிய பொட்டலங்களைத் தாக்குதல் என்று எண்ணி எங்கிருந்தோ புகார்கள் வந்தன. இயந்திரத்தை வைத்திருந்த பல்கலைக்கழகம் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அதற்கு அந்தக் குழு கண்ட தீர்வு பாராட்டத்தக்கது. எந்தத் துண்டிலிருந்து எந்தப் பொட்டலம் எப்போது புறப்பட்டது என்ற பதிவைப் பராமரித்தார்கள். புகார் வந்தால் பொறுப்பானவரை நேரடியாகக் காட்ட முடிந்தது. சுதந்திரத்தையும் பொறுப்பையும் சேர்த்தே கட்டலாம் என்பதற்கு இது நல்ல முன்மாதிரி.

வளாகத்தில் பிறந்தது, தரவு மையத்தில் குடியேறியது

2006-இல் பிரின்ஸ்டனின் ஜெனிஃபர் ரெக்ஸ்ஃபோர்டு உள்ளிட்டோர் ‘வினி’ என்ற அமைப்பை முன்வைத்தார்கள். ஒரே பௌதிகக் கட்டமைப்பின் மேல் பல வலையமைப்புகளை, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வழிகாட்டு விதிகளோடு, உண்மையான பயனர்களின் போக்குவரத்தோடு ஓட்டிப் பார்க்கலாம் என்று அது காட்டியது. மறுபுறம் ஸ்டான்ஃபோர்டில் மார்ட்டின் கசாடோ, நிக் மெக்கியோன், பெர்க்லியின் ஸ்காட் ஷெங்கர் ஆகியோர் சுவிட்சுகளையே திறந்துவிடப் பார்த்தார்கள். சந்தையில் விற்ற சுவிட்ச் ஒவ்வொன்றும் உற்பத்தியாளரின் மென்பொருளைப் பூட்டி வைத்த பெட்டி. பொட்டலத்தைக் கடத்தும் வேலையை மட்டும் சுவிட்சிடம் விட்டுவிட்டு, முடிவெடுக்கும் மூளையை வெளியே ஒரு சாதாரணக் கணினியில் வைத்தால் என்ன? 2008-இல் வெளிவந்த ‘ஓபன்ஃப்ளோ’ இந்தக் கேள்வியிலிருந்து எழுந்தது. அந்தக் கட்டுரையின் தலைப்பே கல்லூரி வளாக வலையமைப்புகளில் புதுமைக்கு வழி திறப்பதைப் பற்றியது. மாணவர்கள் தாங்கள் அன்றாடம் பயன்படுத்தும் வலையமைப்பிலேயே புதிய யோசனைகளைச் சோதிக்க வேண்டும் என்பதுதான் நோக்கம்.

யோசனை வென்றது, வென்ற வேகத்தில் இடம் மாறியது. கசாடோ, மெக்கியோன், ஷெங்கர் மூவரும் தொடங்கிய நிசிரா நிறுவனத்தை 2012-இல் விஎம்வேர் 126 கோடி டாலருக்கு வாங்கியது. கூகுள் தன் தரவு மையங்களை உலகெங்கும் இணைக்கும் ‘பி4’ என்ற தனி வலையமைப்பை இந்த முறையில் கட்டி, 2013-இல் அதன் விவரங்களை வெளியிட்டது. வழக்கமாக நீண்ட தூர இணைப்புகளை எதிர்பாராத நெரிசலுக்கு அஞ்சிப் பாதிக்கும் குறைவாகவே நிரப்புவார்கள். கூகுளோ பல இணைப்புகளை ஏறத்தாழ முழுக் கொள்ளளவு வரை நிரப்பியது. எந்தப் பயன்பாட்டுக்கு எப்போது எவ்வளவு அலைவரிசை என்பதை ஒரு மைய நிரல் முடிவு செய்ததால் அது கைகூடியது.

கிளவுட் சேவைகளின் அடித்தளமும் இதுவே. அமேசான் 2009 ஆகஸ்டில் வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் தனி மெய்நிகர் வலையமைப்பை வாடகைக்குத் தரத் தொடங்கியது. பழைய முறையில் ஒரு வலையமைப்பை 4,094 தனிப் பகுதிகளாக மட்டுமே பிரிக்க முடியும். லட்சக்கணக்கான வாடிக்கையாளர்களை ஒரே கூரையின் கீழ் வைப்பவர்களுக்கு அது எந்த மூலைக்கு? 2014-இல் வெளியான ‘விஎக்ஸ்லேன்’ முறை அந்த எண்ணிக்கையை ஒரு கோடியே அறுபது லட்சத்துக்கும் மேலாக உயர்த்தியது. இன்று செல்பேசிச் செயலியில் உணவு வாங்குபவரின் ஒவ்வொரு தட்டலும், அவர் அறியாமலே, இத்தகைய மெய்நிகர் வலையமைப்புகள் பலவற்றைக் கடந்துதான் சமையலறையை எட்டுகிறது.

இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது? பெருநிறுவனங்கள் இந்த நுட்பத்தைப் பிரமாதமாக வளர்த்தன. பலவற்றைத் திறந்த மூலமாகவும் வெளியிட்டன. குறை வேறிடத்தில் இருக்கிறது. கிளவுடுக்குள் வாடகைக்கு வரும் வலையமைப்பில் வாடிக்கையாளர் எழுதக்கூடியது, நிறுவனம் அனுமதித்த சில விதிகளை மட்டுமே. பொட்டலம் நாடுகளுக்கு இடையே எந்த வழியில் போகிறது, நெரிசல் வந்தால் யார் முதலில் வழிவிடுகிறார்கள் என்பவை வாடிக்கையாளரின் கைக்கு எட்டாதவை. தரவை உள்ளே அனுப்பப் பெரும்பாலும் கட்டணம் இல்லை. வெளியே எடுக்கக் கட்டணம் உண்டு. சேவை மாறுபவர்களிடம் வசூலிக்கப்படும் இந்தக் கட்டணத்தை 2027 ஜனவரியிலிருந்து தடை செய்யும் சட்டத்தை ஐரோப்பிய ஒன்றியம் இயற்ற வேண்டி வந்ததே, சிக்கல் எவ்வளவு ஆழமானது என்பதைச் சொல்கிறது.

பொதுச் சோதனைக் களங்களோ மெல்லத் தேய்ந்தன. பிளானெட் லேப் 2020 மே மாதம் மூடப்பட்டது. அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் ‘ஜெனி’ திட்டமும் 2023-இல் முடிந்தது. சுவிட்சின் சிப்பையே நிரலால் எழுத வழிசெய்த ‘டொஃபினோ’ வரிசையின் மேம்பாட்டை இன்டெல் 2023-இல் கைவிட்டது. அதை நம்பி ஆய்வு செய்தவர்கள் நடுவழியில் நின்றார்கள். ஆறுதலாக, வட கரோலினாவைத் தலைமையிடமாகக் கொண்டு ‘ஃபேப்ரிக்’ என்ற புதிய களத்தை அதே அறக்கட்டளை 2019-இல் இரண்டு கோடி டாலர் நிதியோடு தொடங்கியது. அதன் முனைகள் டோக்கியோ, ஆம்ஸ்டர்டாம், பிரிஸ்டல், ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகம் வரை நீண்டிருக்கின்றன. ஓர் ஆய்வாளர் தன் மேசையிலிருந்தபடி சில வரி நிரலில் கண்டங்களைத் தாண்டும் வலையமைப்பை உருவாக்கலாம். பொதுப் பணம் செய்யக்கூடிய வேலைக்கு இது சான்று.

ஒரு கட்டளை, ஆறு மணி நேரம்

நிரலின் கையில் வலையமைப்பைக் கொடுப்பதில் ஆபத்தும் இருக்கிறது. அதை மறைத்து இந்த வாதத்தை முன்வைப்பது நேர்மையாகாது. 2021 அக்டோபர் 4-இல் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் உலகெங்கும் முடங்கின. பராமரிப்புப் பணியின்போது, முதுகெலும்பு வலையமைப்பின் கொள்ளளவை மதிப்பிட விடுத்த ஒரு கட்டளை, தரவு மையங்களை இணைத்த எல்லா இணைப்புகளையும் துண்டித்துவிட்டது. அப்படிப்பட்ட கட்டளைகளைத் தடுக்கவென்றே எழுதப்பட்ட சரிபார்ப்புக் கருவியில் ஒரு பிழை. அது கட்டளையைத் தடுக்கவில்லை. தரவு மையங்களை எட்ட முடியாமல்போன, தளப் பெயரை முகவரியாக மாற்றித் தரும் பெயர்ச் சர்வர்கள், தங்களிடம் கோளாறு என்று கருதித் தங்கள் முகவரிகளை இணையத்திலிருந்து விலக்கிக்கொண்டன. பழுதுபார்க்க வேண்டிய பொறியாளர்களின் கருவிகளும் அதே வலையமைப்பை நம்பியிருந்ததால் செயலிழந்தன. கடைசியில் ஆட்கள் நேரில் போய் இயந்திரங்களைத் தொட வேண்டியதாயிற்று.

இந்த நிகழ்விலிருந்து கற்க வேண்டியவை இரண்டு. எழுதிய விதியை ஓடவிடும் முன் அது எங்கெல்லாம் பொட்டலத்தைத் தொலைக்கும், எங்கே சுழலில் மாட்டவைக்கும் என்று கணித முறையில் சரிபார்க்க வேண்டும். ஸ்டான்ஃபோர்டிலும் இல்லினாயிலும் 2010-களின் தொடக்கத்தில் இதற்கான கருவிகள் உருவாகிவிட்டன. அவையும் பல்கலைக்கழகங்களின் கொடையே. அடுத்தது, மூளை ஒரே இடத்தில் இருந்தால் மயக்கமும் ஒரே நேரத்தில் வரும். எல்லாம் ஒரு சில நிறுவனங்களின் கட்டுப்பாட்டு நிரல்களுக்குள் போய்ச் சேர்வது, வணிகப் போட்டியைத் தாண்டிய பாதுகாப்புப் பிரச்சினை. வெவ்வேறு கைகள் வெவ்வேறு விதமாக எழுதிய வலையமைப்புகள் அருகருகே இருந்தால் ஒன்று விழும்போது மற்றொன்று நிற்கும்.

இன்னொரு அச்சமும் உண்டு. மறைகுறியாக்கப்பட்ட மேலடுக்குகள் குற்றவாளிகளுக்கு மறைவிடம் ஆகிவிடாதா என்று வளாக நிர்வாகிகளும் காவல் துறையினரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால், தடை செய்தாலும் குற்றவாளி தனக்கான கருவியைக் கண்டடைவான். தடையால் முடங்குவது மாணவரும் மருத்துவரும் ஆய்வாளரும்தான். உறுப்பினர் யாரென்று உறுதிசெய்து சேர்ப்பது, துண்டு வாரியாகப் பதிவு வைப்பது, வளாகம் விரும்பினால் மட்டும் பங்கேற்பது என்று பிளானெட் லேப் இருபது ஆண்டுகளுக்கு முன் கண்ட நடைமுறைகள் இன்றும் செல்லும்.

இந்தியாவிடம் கம்பி இருக்கிறது

இந்தியாவுக்கு இது புதிய பாதை அன்று. 1986-இல் மத்திய அரசின் மின்னணுத் துறை, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு ‘எர்நெட்’ திட்டத்தைத் தொடங்கியபோது, சென்னை ஐஐடி உட்பட ஐந்து ஐஐடிகள், பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், மும்பையின் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம், அந்தத் துறை என எட்டு அமைப்புகள் அதில் கைகோத்தன. இந்தியாவில் இணையம் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்தது 1995-இல்தான். அதற்கு முன்பே இங்கே வலையமைப்பைக் கட்டவும் கற்கவும் தெரிந்த ஒரு தலைமுறையை எர்நெட் உருவாக்கிவிட்டது.

2010 மார்ச்சில் மத்திய அமைச்சரவைக் குழு 5,990 கோடி ரூபாய் மதிப்பில் தேசிய அறிவு வலையமைப்புக்கு ஒப்புதல் தந்தது. பல்கலைக்கழகங்கள், ஆய்வகங்கள் என 1,500-க்கும் மேற்பட்ட நிறுவனங்களை அதிவேக இழைகளால் இணைப்பது இலக்கு. செர்ன் ஆய்வகத்தின் துகள் மோதல் தரவை அலசும் உலகளாவிய கணினிக் கட்டமைப்பில் 40-க்கும் மேற்பட்ட நாடுகளின் ஏறத்தாழ 170 மையங்கள் இருக்கின்றன. மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் கொல்கத்தாவின் சைக்ளோட்ரான் மையமும் அவற்றில் அடக்கம். பல நாடுகளில் சிதறிய ஒரு பயன்பாடு எப்படி இயங்கும் என்பதை இந்திய ஆய்வாளர்கள் ஒவ்வொரு நாளும் நடத்திக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இத்தனை இருந்தும் அறிவு வலையமைப்பின் பெரும்பாலான வளாகங்களில் அது இணைய இணைப்பாக மட்டுமே பயன்படுகிறது. பாடப் புத்தகத்தில் வலையமைப்பின் ஏழு அடுக்குகளை மனப்பாடம் செய்யும் மாணவருக்கு, உண்மையான போக்குவரத்து ஓடும் ஒரு சுவிட்சில் ஒரு விதியை எழுதிப் பார்க்கும் வாய்ப்பு அரிது. மடிக்கணினிக்குள் ஓடும் பாவனை வலையமைப்போடு அவர் படிப்பு முடிந்துவிடுகிறது. பாவனையில் மோடம் சாவதில்லை. கடலடிக் கேபிள் அறுவதில்லை. அடுத்த வளாகத்தின் நிர்வாகி அனுமதி மறுப்பதில்லை. பயன்பாடுகளைக் கொல்வது இவைதான், கற்றுக்கொடுப்பதும் இவைதான்.

பொதுச் சோதனைக் களம் இந்தியாவில் சாத்தியமா என்ற சந்தேகத்துக்கு அண்மைக்கால விடை ஒன்று இருக்கிறது. சென்னை ஐஐடி தலைமையில் எட்டு நிறுவனங்கள் சேர்ந்து, 220 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட செலவில் உள்நாட்டு 5ஜி சோதனைக் களத்தை உருவாக்கின. 2022 மே 17-இல் அது திறக்கப்பட்டது. வெளிநாட்டுக்குக் கருவியை எடுத்துப் போய்ச் சோதிக்க வேண்டியிருந்த சிறு நிறுவனங்களுக்கு இங்கேயே கதவு திறந்தது. 5ஜி நுட்பத்தின் மையத்திலேயே ஒரே அலைவரிசையைப் பல மெய்நிகர் வலையமைப்புகளாக வெட்டும் ஏற்பாடு இருக்கிறது. ஆம்புலன்சுக்கு ஒரு துண்டு, ஆலைக்கு ஒரு துண்டு என்று விற்கப்படப்போகும் அந்தத் துண்டுகளின் விதிகளைத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் மட்டுமே எழுத வேண்டுமா என்பது இந்தியா சீக்கிரமே விடை சொல்ல வேண்டிய கேள்வி. பாரபட்சக் கட்டணத்தை 2016-இல் தடை செய்து இணையச் சமத்துவத்தின் பக்கம் நின்ற நாடு இது. துண்டுகள் அந்தச் சமத்துவத்தின் பின்கதவாகிவிடாமல் பார்த்துக்கொள்ளும் கடமை அதற்கு இருக்கிறது.

செய்ய வேண்டியவை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. முதலில், தேசிய அறிவு வலையமைப்பில் உள்ள சில டஜன் வளாகங்களில், பெருநகரங்களுக்கு வெளியே உள்ள பொறியியல், வேளாண், மீன்வளக் கல்லூரிகளையும் சேர்த்து, நிரலால் எழுதத்தக்க சுவிட்சும் சில சர்வர்களும் கொண்ட ஓர் அடுக்கை வைக்க வேண்டும். பல்லாயிரம் கோடியில் இழை போட்ட நாட்டுக்கு அது சிறு செலவு. அடுத்து, எந்தக் கல்லூரி மாணவரும் ஆசிரியரின் பரிந்துரையோடு ஒரு துண்டு பெறலாம் என்ற விதி வேண்டும். ஐஐடி மாணவருக்கு மட்டும் கிடைத்தால் பிளானெட் லேபின் பாடத்தைக் கற்கவில்லை என்று பொருள். செல்பேசி மோடத்தின் பின்னால் நிற்கும் கருவிகளும் சேரும்படி மேலடுக்கு மென்பொருளைத் திறந்த மூலத்தில், இந்திய மொழிகளில் விளக்கத்தோடு தர வேண்டும். ஓடவிடும் முன் விதியைச் சரிபார்ப்பதும், துண்டு வாரியான பதிவும் தொடக்கத்திலிருந்தே கட்டாயமாக இருக்க வேண்டும்.

இந்தக் களத்தை நடத்தும் பொறுப்பை அரசுத் துறை ஒன்றிடம் மட்டும் விடாமல், பங்கேற்கும் கல்வி நிறுவனங்களின் கூட்டமைப்பிடம் தருவது நல்லது. பிளானெட் லேப் ஏறத்தாழ இரண்டு பத்தாண்டுகள் உயிரோடு இருந்ததற்கு, இயந்திரம் தந்த ஒவ்வொருவருக்கும் அதில் உரிமை இருந்ததே காரணம். நிதியை மூன்றாண்டுத் திட்டமாக ஒதுக்காமல் பத்தாண்டுக்கு உறுதிசெய்ய வேண்டும். ஏரியின் வெப்பநிலையை முன்கணிக்கும் மாதிரி நம்பகமாக வேலை செய்யப் பல பருவங்களின் அளவீடுகள் வேண்டும். அதைத் தாங்கும் வலையமைப்பு மூன்றாம் ஆண்டில் நிதியின்றி நின்றால் இரண்டும் வீண். தேசிய அறிவு வலையமைப்பின் அடுத்த கட்டத்துக்கான திட்ட அறிக்கை எழுதப்படும்போது, இழையின் வேகத்துக்கும் இணைப்புகளின் எண்ணிக்கைக்கும் அருகில், அதன்மேல் யார் நிரல் எழுதலாம் என்ற பத்தியும் முதல் பக்கத்திலேயே இடம்பெற வேண்டும்.